பிப்ரவரியில் செங்கடல் லைவ்அபோர்ட்: 3 மி.மீ. வெட்சூட் தாங்குமா?

கேள்வி இது. பிப்ரவரி கடைசியில் எகிப்தின் ஹுர்காதாவிலிருந்து கிளம்பும் லைவ்அபோர்ட், அதாவது படகிலேயே தங்கி டைவ் அடிக்கும் பயணம். ஏழு இரவு, வடக்குச் செங்கடல் பாதை. கேட்பவர் இதுவரை போட்டது முப்பத்தைந்து டைவ், எல்லாமே புதுச்சேரியிலும் அந்தமானிலும். கையில் இருப்பது ஒரு 3 மி.மீ. முழு வெட்சூட், அதாவது குளிர் தாங்க டைவில் போடும் ரப்பர் நுரை உடை. "தண்ணீர் 22 டிகிரி என்கிறார்கள். 3 தாங்குமா, 5 வாங்கணுமா, இல்லை நேராக 7-க்கே போய்விடலாமா?"

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 3 போதாது. உடம்போடு ஒட்டி நிற்கிற 5 மி.மீ. முழு சூட், அதற்குள்ளே போட்டுக்கொள்ள ஹூட் (தலைமூடி) வைத்த 2 அல்லது 3 மி.மீ. வெஸ்ட், அதாவது கையில்லாத உள்சட்டை. பெரும்பாலானவர்களுக்கு இதுவே சரி. எளிதில் குளிர் பிடிக்கிற உடம்பு என்றால் 7. அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு போகலாம். ஆனால் எந்த 5, யாருக்கு 7 என்கிற இடத்தில்தான் பலர் காசைத் தொலைக்கிறார்கள். நானும் ஒரு முறை தொலைத்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 22. ஏசி ரிமோட்டில் 24 வைத்தால் சுகம், 22 என்றால் போர்வை. இதுதான் நம் ஊர்க்காரர்களுக்கு டிகிரியோடு இருக்கும் பழக்கம். அதனால் 22 என்று படித்ததும் 'லேசாகக் குளிரும் போல' என்றுதான் மனசு கணக்குப் போடும். தண்ணீரின் கணக்கே வேறு. காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகத் தண்ணீர் உடம்புச் சூட்டைக் கடத்திக்கொண்டு போய்விடும். வெறும் உடம்போடு அசையாமல் கிடக்கிற ஒருவருக்குச் சூடு குறையாமல் இருக்க வேண்டுமென்றால், அந்தத் தண்ணீர் 33, 34 டிகிரி இருக்க வேண்டும். ஆக, புதுச்சேரியின் 28 டிகிரித் தண்ணீரும் உங்கள் சூட்டை உறிஞ்சிக்கொண்டுதான் இருந்தது. நாற்பது நிமிடத்தில் மேலே வந்து, கரைக்குப் போய், வெயிலில் நின்று இட்லி சாப்பிட்டதால் உங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

செங்கடலுக்கு ஒரு விசித்திரம் உண்டு. பெருங்கடல்களில் ஆழம் போகப் போகத் தண்ணீர் நான்கு டிகிரிக்கும் கீழே குளிர்ந்துவிடும். செங்கடலில் சில நூறு மீட்டருக்குக் கீழே அடிமட்டம் வரை, வருடம் முழுவதும், ஏறத்தாழ 21.5 டிகிரிதான். குளிர்காலத்தில் வடக்குப் பகுதியில் மேல்தண்ணீரும் குளிர்ந்து இறங்கிக் கலந்து, கிட்டத்தட்ட அந்த எண்ணுக்கே வந்து நிற்கும். பிப்ரவரி, மார்ச்தான் அதன் அடிமட்டம். ஆகஸ்டில் அதே இடம் 28, 29 இருக்கும். இதிலிருந்து உங்களுக்கு வேண்டிய சேதி ஒன்றுதான். பிப்ரவரியில் மேலே ஐந்து மீட்டரிலும் 22, கீழே முப்பது மீட்டரிலும் 22. 'மேலே வந்தால் சூடாகிவிடும்' என்ற ஆறுதல் கிடையாது. சூயஸ் வளைகுடாப் பக்கம் ஒதுங்கும் இடங்களில் இன்னும் ஒரு டிகிரி குறைந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். உங்கள் பாதையில் இருக்கும் திஸில்கார்ம் என்ற மூழ்கிய கப்பல் அந்த வாசலில்தான் கிடக்கிறது.

திஸில்கார்ம் என்றதும் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். முதல் முறை நான் போனதும் ஒரு பிப்ரவரியில்தான். 3 மி.மீ. சூட், உள்ளே ஒரு லைக்ரா, மேலே கொஞ்சம் திமிர். முதல் நாள் இரண்டு டைவ், ஒன்றும் ஆகவில்லை. 'இதற்கா இவ்வளவு பயமுறுத்தினார்கள்' என்று கூட வந்த ஜெர்மன்காரரிடம் சிரித்தேன். அவர் 7 மி.மீ. போட்டிருந்தார், பதிலுக்குச் சிரிக்கவில்லை. மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்குத் திஸில்கார்ம். 1941 அக்டோபர் 6 அன்று ஜெர்மானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்த பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் அது. முப்பது மீட்டரில் உட்கார்ந்திருக்கிறது. சரக்கறைக்குள் மோட்டார் பைக்குகள் இன்னும் வரிசையாக நிற்கும். பார்க்கப் பார்க்க நேரம் போவதே தெரியாது. எனக்குத் தெரிந்தது மேலே ஏறும்போது. நீரோட்டம் இருந்ததால், மேலே வருமுன் பாதுகாப்புக்காக நிற்கும் ஐந்து மீட்டரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூன்று நிமிடம் கொடி மாதிரி படபடத்துக்கொண்டு நின்றேன். கழுத்து வழியாகப் புதுத் தண்ணீர் உள்ளே போய் முதுகில் இறங்குகிறது. பற்கள், மூச்சுக்காக வாயில் கவ்வியிருக்கும் ரெகுலேட்டரின் ரப்பரில் தந்தியடிக்கின்றன. மணிக்கட்டில் கட்டிய டைவ் கம்ப்யூட்டரைப் பார்க்கக் கையைத் திருப்பினால் விரல் கயிற்றை விட மாட்டேன் என்கிறது. அன்று அதே கப்பலில் இன்னும் இரண்டு டைவ் பாக்கி இருந்தன. நான் மேல்தளத்தில் இரண்டு துண்டைப் போர்த்திக்கொண்டு, மற்றவர்கள் குதிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொடுத்த காசு கண்ணெதிரே கரைந்தது.

அந்த மூன்றாம் நாள்தான் இந்தப் பதிலின் மையம். வெட்சூட்டை முதல் டைவுக்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள், பதினைந்தாவது டைவுக்காகத் தேர்ந்தெடுங்கள். லைவ்அபோர்டில் ஒரு நாளைக்கு மூன்று, இரவு டைவோடு சேர்த்தால் நான்கு. ஆறு நாளில் இருபது டைவை நெருங்கிவிடுவீர்கள். ஒவ்வொன்றிலும் இழந்த சூட்டை உடம்பு முழுசாக மீட்பதற்குள் அடுத்த மணி அடித்துவிடும். கந்துவட்டி மாதிரிதான் இதுவும், அன்றன்றைக்கு அடைக்காதது மறுநாள் ஏறிக்கொண்டே போகும். நான்காம் நாளில் இருபது நிமிடத்திலேயே குளிர் எடுக்கும். போதாததற்குச் சூட்டும் காய்ந்திருக்காது. காலை ஆறு மணிக்கு, நேற்று இரவு கழற்றிப்போட்ட ஈர நியோபிரீனுக்குள் (வெட்சூட்டின் ரப்பர் நுரைக்கு அதுதான் பெயர்) தூக்கக் கலக்கத்தோடு காலை நுழைக்கிற அந்த ஒரு நிமிடம் இருக்கிறதே, மார்கழி மாதக் குளத்துக் குளியலெல்லாம் அதற்கு முன் நிற்காது.

சரி, நியோபிரீன் என்ன செய்கிறது? பலரும் சொல்லிக்கொடுப்பது, 'சூட்டுக்குள் வரும் தண்ணீரை உடம்பு சூடாக்கும், அந்தச் சூடான தண்ணீர்தான் நம்மைக் காக்கும்' என்று. அது பாதி உண்மைகூட இல்லை. உள்ளே வந்த தண்ணீரைச் சூடாக்க உடம்பு செலவுதான் செய்கிறது. காப்பது அந்த ரப்பர் நுரைக்குள் அடைபட்டிருக்கும் கோடிக்கணக்கான சின்னச் சின்ன வாயுக் குமிழிகள். 1950-களின் தொடக்கத்தில் ஹியூ பிராட்னர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் வெட்சூட்டை யோசித்தபோது கண்டுகொண்டது இதைத்தான். காப்பு துணியில் இருந்தால் போதும், உடம்பு நனையாமல் இருக்க வேண்டியதில்லை.

குமிழி என்றால் அழுத்தத்தில் சுருங்கும். பத்து மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பு, முப்பது மீட்டரில் நான்கு மடங்கு. ரப்பர் அப்படியே இருக்கும், உள்ளிருக்கும் வாயு சுருங்கிவிடும். ஆகவே கடையில் 5 என்று அளந்து வாங்கியது திஸில்கார்மின் அடித்தளத்தில் ஏறக்குறைய பாதியாகிவிடும். உங்கள் 3 மி.மீ. அங்கே ஒரு தடித்த பனியன், அவ்வளவுதான். புதுச்சேரியில் பன்னிரண்டு, பதினைந்து மீட்டரில் நீச்சலடித்த அனுபவத்தை வைத்து முப்பது மீட்டரைக் கணிக்க முடியாது என்று சொல்வது இதனால்தான்.

இதே காரணத்தால் நியோபிரீன் கிழடாகவும் ஆகும். முந்நூறு டைவ் நசுங்கி நசுங்கி மீண்ட நுரை ஒரு கட்டத்தில் மீள்வதை நிறுத்திவிடும். வாடகைக் கடையில் '5 மி.மீ.' என்று முத்திரை போட்ட சூட்டை விரலால் கிள்ளிப் பாருங்கள். புதிய சூட் பஞ்சு மாதிரி அமுங்கி மேலே வரும். பழையது அட்டை மாதிரி, தட்டையாக, முழங்கையிலும் முட்டியிலும் மடிப்பு விழுந்து கிடக்கும். அது 5 இல்லை, முன்னொரு காலத்தில் 5-ஆக இருந்தது.

இப்போது அளவு. தடிமனைவிட இது முக்கியம் என்பேன். தொளதொளவென்ற 7 மி.மீ.-யைவிட உடம்பில் ஒட்டிய 5 சூடாக இருக்கும். காரணம் எளிது. ஒவ்வொரு முறை காலை உதைக்கும்போதும் சூட்டுக்குள் பள்ளமான இடங்கள் பம்பு மாதிரி வேலை செய்து, சூடான தண்ணீரை வெளியே தள்ளி, புதுக் குளிர்ந்த தண்ணீரை இழுத்துக்கொள்ளும். நம்மில் பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பள்ளம் மூன்று இடங்களில் வரும்: இடுப்புக்கு மேலே முதுகெலும்பு உள்வாங்கும் இடம், அக்குள், கழுத்துக்குப் பின்புறம். சூட்டை முழுசாகப் போட்டு ஜிப்பை ஏற்றிவிட்டு, நடு முதுகில் துணியைப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். ஒரு பிடி கையில் வந்தால் அந்தச் சூட் உங்களுக்கு இல்லை. அப்புறம் கீழே குந்துங்கள், கைகளைத் தலைக்கு மேலே தூக்குங்கள். கழுத்து நெரிக்கக்கூடாது, ஆனால் காலரும் தோலும் ஒட்டியே இருக்க வேண்டும். மூச்சை நன்றாக இழுத்துவிடுங்கள். நெஞ்சு விரிய மறுத்தால் ஒரு அளவு மேலே போக வேண்டும். கடையின் ஏசியில் போட்டுப் பார்க்கும்போது 'கொஞ்சம் இறுக்கமா இருக்கே' என்று தோன்றும் சூட்தான் தண்ணீரில் சரியாக இருக்கும். நனைந்ததும் இளகும்.

சூட்டுகளின் அளவு அட்டவணை பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க உடம்புக்குப் போட்டது. நம்மில் பலருக்கு நெஞ்சளவு சரியாக வரும்போது கை, கால் நீளமாகிவிடும். கணுக்காலில் சுருங்கி மடங்கி நின்றால் பாதகமில்லை. நடு உடம்பு பொருந்துகிறதா என்பதை மட்டும் பாருங்கள். பெண்கள் பெண்களுக்கான வெட்டு உள்ளதையே வாங்க வேண்டும். 'ஆண்கள் அளவில் சின்னது' என்று கடைக்காரர் தருவதில் இடுப்பு, மார்பு எல்லா இடத்திலும் தண்ணீர்த் தொட்டி கட்டிவிடும்.

ஒரே 5 மி.மீ.-யிலும் வித்தியாசம் உண்டு. 5/3 என்று போட்டிருந்தால் உடம்புக்கு 5, கை காலுக்கு 3. இது அசைவுக்கு வசதி, உங்கள் பயணத்துக்கும் ஏற்கும். தையலைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு பக்கமும் நூல் தெரிந்து, ரயில் தண்டவாளம் மாதிரி தட்டையாக ஓடினால், ஊசி துணியைத் துளைத்துக்கொண்டு போயிருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு துளையும் ஒரு சின்னக் கசிவு. ஓரங்களை ஒட்டிவிட்டு, ஊசி மறுபக்கம் வராமல் தைத்த சூட் விலை கூட. 22 டிகிரியில் அந்த விலை வித்தியாசம் தகும். மணிக்கட்டு, கணுக்கால், கழுத்து ஓரங்களில் வழுவழுப்பான ரப்பர் பட்டை இருந்தால் இன்னும் நல்லது. முதுகு ஜிப்புக்குப் பின்னால் ஒரு மடல் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ஜிப்பின் பல் வழியாகவே தண்ணீர் வரும். டைட்டானியம் பூச்சு, தங்கப் பூச்சு என்று விற்பதற்கெல்லாம் நான் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க மாட்டேன்.

இன்னொரு பொறி, சர்ஃபிங் சூட். 'மலிவா கிடைக்குது, அதுவும் 5 மி.மீ.தானே' என்று வாங்கிவிடாதீர்கள். அலைமேல் இருப்பவர்களுக்கு மிருதுவான, நன்றாக நீளும் நுரை வேண்டும். அந்த மிருதுத்தன்மையே ஆழத்தில் சீக்கிரம் நசுங்கிப்போவதற்கும் காரணம்.

அடுத்து ஹூட் வைத்த வெஸ்ட். உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகப் போகிறது என்று ஒரு பழைய கதை சுற்றுகிறது. அது தவறு. ஆனால் தலையில் ஒரு சங்கதி உண்டு. குளிரெடுத்தால் கையிலும் காலிலும் ரத்தக் குழாய்கள் சுருங்கிச் சூட்டைக் காப்பாற்றும். தலைத் தோலில் அந்தச் சுருக்கம் அவ்வளவாக நடக்காது, குழாய் திறந்தபடியேதான் இருக்கும். அதோடு வெஸ்ட்டும் ஹூட்டும் ஒரே துண்டாக இருப்பதால், கழுத்து வழியாக முதுகில் இறங்கும் தண்ணீருக்கும் அணை போட்டாயிற்று. என் அனுபவத்தில் 5-லிருந்து 7-க்குப் போவதைவிட, 5-க்குள் இந்த வெஸ்ட்டைப் போடுவது அதிக மாற்றத்தைத் தந்தது. இரண்டாம் நாள் மதியம் வெயிலாக இருந்தால் கழற்றிவிடலாம், நான்காம் நாள் இரவு டைவுக்குத் திரும்பப் போடலாம். 7-ஐ அப்படி உரிக்க முடியாது. ஹூட் காதை மூடுவதால் ஆரம்பத்தில் காது சமன் செய்யச் சிரமமாகத் தோன்றும். தண்ணீருக்குள் போனதும் ஓரத்தை விரலால் ஒரு நொடி தூக்கிவிட்டால் உள்ளே தண்ணீர் போய் சரியாகிவிடும்.

காலுக்கு 5 மி.மீ. பூட்ஸ், அதற்கேற்ற திறந்த குதி துடுப்பு. கையுறை வாங்க வேண்டாம். எகிப்தின் கடல் பூங்காக்களில் பவளத்தைத் தொடக்கூடாது என்பதற்காக அதற்குப் பொதுவாகத் தடை, படகுக்காரர்களே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

அப்படியானால் 7 யாருக்கு? இதற்கு ஒரு சோதனைக் கேள்வி வைத்திருக்கிறேன். புதுச்சேரியில் 28 டிகிரியில் அதே 3 மி.மீ. போட்டு, நாற்பதாவது நிமிடத்தில் உங்களுக்கு எப்படி இருந்தது? 'ஒன்றுமே தெரியவில்லை, இன்னும் இருந்திருப்பேன்' என்றால் 5-ம் வெஸ்ட்டும் தாராளம். 'லேசாகச் சிலிர்த்தது, மேலே போகலாம் என்றிருந்தது' என்றால் 7 எடுங்கள், யோசிக்கவே வேண்டாம். ஒல்லியான உடம்பு, ஐம்பதைத் தாண்டிய வயது, அசையாமல் ஒரே இடத்தில் மிதந்து படமெடுக்கும் பழக்கம், இவையும் 7-ஐ நோக்கித் தள்ளும். கேமராக்காரர்கள்தான் முதலில் விறைத்துப்போவார்கள். ஒரு நூடிப்ராங்க் (ஓடில்லாத சின்னக் கடல் நத்தை) முன்னால் பதினைந்து நிமிடம் அசையாமல் கிடந்தால் உடம்பில் சூடு எங்கிருந்து உற்பத்தியாகும்? கொழுப்பு கொஞ்சம் கூடுதலாக உள்ளவர்களுக்கு இந்த ஒரு இடத்தில் இயற்கை கை கொடுக்கிறது. சாம்பார் சாதத்துக்கு நன்றி சொல்லலாம்.

7-க்கு விலையும் உண்டு. போட்டுக் கழற்றவே தனித் தெம்பு வேண்டும், தோள் அசைவு குறையும், பெட்டியில் பாதியை அடைத்துக்கொள்ளும். எது வாங்கினாலும் போடும்போது காலில் ஒரு மளிகைக் கடை பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நுழையுங்கள். ஈரச் சூட்டிலும் வழுக்கிக்கொண்டு போகும். படகில் எல்லோரும் முதல் நாள் சிரிப்பார்கள், மூன்றாம் நாள் பையைக் கடன் கேட்பார்கள்.

குளிரை வெறும் அசௌகரியம் என்று நினைத்துத் தாங்கிக்கொள்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்கக் கடற்படையின் சோதனை டைவிங் பிரிவு 2007-இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. கீழே இருக்கும்போது உடம்பு சூடாகவும், மேலேறி அழுத்தம் குறைக்கும் கட்டத்தில் குளிராகவும் இருந்தவர்களுக்கு டிகம்ப்ரெஷன் நோய் (உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாக வெளிவரும் கோளாறு) வரும் வாய்ப்பு கணிசமாகக் கூடியது. அங்கே 'குளிர்' என்று வைத்தது 27 டிகிரித் தண்ணீர், 'சூடு' என்று வைத்தது 36. அவை நீண்ட டிகம்ப்ரெஷன் டைவுகள், நம் பொழுதுபோக்கு டைவோடு அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் திசை தெளிவு. குளிரில் ரத்த ஓட்டம் சுருங்கினால், கீழே உள்வாங்கிய நைட்ரஜன் வெளியேறுவதும் தாமதமாகும். லைவ்அபோர்ட் டைவில் நடப்பது சரியாக அந்த வரிசைதான்: இறங்கும்போது சூடு, கயிற்றைப் பிடித்து நிற்கும்போது நடுக்கம். நடுக்கம் வந்தால் அடுத்த டைவைச் சுருக்குங்கள், அல்லது விட்டுவிடுங்கள். மேலே வந்ததும் கொதிக்கக் கொதிக்கக் குளிக்கவும் ஓடாதீர்கள், கொஞ்ச நேரம் கழியட்டும்.

தண்ணீருக்கு வெளியே நடப்பதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. செங்கடலின் வடபகுதியில் வடக்குக் காற்று வருடம் முழுக்க அடிக்கும். பிப்ரவரியில் ஹுர்காதாவில் பகல் 20-ஐ ஒட்டி, இரவு 10-ஐ ஒட்டி இறங்கும். டைவ் முடிந்து சிறு ரப்பர் படகில் பத்து நிமிடம் தாய்ப்படகுக்குத் திரும்புவீர்கள். நனைந்த சூட்டின் துணிமேல் அந்தக் காற்று அடித்தால், மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அப்படி நீங்கள் குளிர்வீர்கள். தொப்பியுள்ள காற்றுத்தடுப்பு ஜாக்கெட் ஒன்றைச் சின்னப் படகிலேயே வைத்திருங்கள். தாய்ப்படகில் ஏறியதும் சூட்டை இடுப்பு வரை உருட்டிவிட்டு அரட்டை அடிக்க உட்காராதீர்கள். முழுசாகக் கழற்றி, துடைத்து, காய்ந்த உடை, கம்பளிக் குல்லாய், அப்புறம்தான் டீ. நான் எடுத்துப்போகும் பொருட்களில் அதிகம் உழைத்தது எது என்று கேட்டால், அம்மா பின்னிக் கொடுத்த அந்தக் குல்லாயைத்தான் சொல்வேன்.

தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள். குளிரும் நீரழுத்தமும் சேர்ந்து சிறுநீரைப் பெருக்கும், அது உடம்பின் இயல்பு. 'சூட்டுக்குள்ளேயே போய்விடும்' என்று பயந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். போனால் போகட்டும், எல்லோருக்கும் நடப்பதுதான். மேலே வந்ததும் நல்ல தண்ணீரில் உள்ளும் புறமும் அலசிவிடுங்கள். ஆனால் வாடகைச் சூட்டில் வேண்டாம், உங்களுக்கு அடுத்தவர் ஒருவர் இருக்கிறார்.

சூட் மாறினால், மூழ்குவதற்காகக் கட்டும் ஈய எடையும் மாறும். இதை மறந்து முதல் டைவில் மிதந்துகொண்டே இருப்பவர்கள் ஒவ்வொரு படகிலும் இரண்டு பேராவது உண்டு. 3-லிருந்து 5-க்கு மாறினால் சுமார் 2 கிலோ கூடும். வெஸ்ட்டுக்கு இன்னொரு கிலோ வரை. அதோடு கடலே மாறுகிறது. செங்கடல் உப்பு அதிகம், லிட்டருக்கு 40 கிராமுக்கு மேல். வங்காள விரிகுடாவில் ஆறுகள் கொட்டுவதால் அதைவிட நன்றாகவே குறைவு. அந்த வித்தியாசம் மட்டுமே சராசரி உடம்புக்கு முக்கால் கிலோவை நெருங்கும். ஆக, புதுச்சேரியில் 5 கிலோ கட்டியவர் இங்கே 8, 9 கேட்டால் வெட்கப்பட வேண்டியதில்லை. முதல் நாள் சோதனை டைவின் முடிவில், சிலிண்டரில் 50 பார் அழுத்தம் மட்டும் மிச்சம் இருக்கும்போது, ஐந்து மீட்டரில் பிசிடியை (காற்றடித்து மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட்) காலி செய்துவிட்டு நின்று பாருங்கள். அலுமினிய சிலிண்டர் காலியாகக் காலியாக மிதக்கப் பார்க்கும், கீழே நசுங்கியிருந்த நியோபிரீனும் அந்த ஆழத்தில் மீண்டும் உப்பியிருக்கும். அங்கே நிற்க முடிந்தால் எல்லா இடத்திலும் நிற்கலாம். முப்பது மீட்டரில் அந்த ஈயம் கனமாகத் தோன்றும், பிசிடியில் கூடுதலாகக் காற்று அடிக்க வேண்டிவரும். அது சூட் நசுங்கியதால் வருவது. அதற்குப் பயந்து ஈயத்தைக் குறைத்தால் ஐந்து மீட்டரில் மாட்டிக்கொள்வீர்கள்.

வாங்குவதா, வாடகையா? பயணம் இந்த ஒன்றுதான், மற்றபடி அந்தமானும் மாலத்தீவும் என்றால் 5-ஐப் படகிலேயே வாடகைக்கு எடுங்கள். வெஸ்ட்டை மட்டும் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். பதிவு செய்யும்போதே உயரம், எடை, நெஞ்சளவு மூன்றையும் எழுதி அனுப்புங்கள். வெறும் 'எம் சைஸ்' என்று சொன்னால் யாருடைய எம் கிடைக்கும் என்று தெரியாது. வருடத்துக்கு ஒரு முறையாவது குளிர்ந்த பக்கம் போவேன் என்றால் வாங்குங்கள். இந்தோனேசியாவின் கொமோடோவுக்கும் அந்த 5 உதவும். அங்கே வடக்கில் 28 டிகிரியில் குளிர் காய்ந்துகொண்டிருப்பீர்கள், தெற்கே போனால் ஆழத்திலிருந்து மேலெழும் தண்ணீர் 23, 24-க்கு இறக்கிவிடும். ஈக்வடாரின் கலாபகோஸ் தீவுகள் என்றால் கதை வேறு, 7-உம் ஹூட்டும் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். மாலத்தீவுக்கு உங்கள் 3 மி.மீ. தாராளம். அதை விற்றுவிட வேண்டாம். செங்கடலுக்கே ஆகஸ்டில் போனால் அதுதான் போட வேண்டிய சூட்.

கடைசி டைவ் பயணம் முடிவதற்கு முந்தைய நாள் காலையோடு முடிந்துவிடும், விமானத்துக்கு முன் இடைவெளி வேண்டுமே. அந்த நேரத்தில் எல்லோரும் சூட்டைக் கயிற்றில் மாட்டிவிட்டுப் படுத்துவிடுவார்கள். நீங்கள் நல்ல தண்ணீரில் அலசி, உட்புறத்தை வெளியே திருப்பி, காற்றடிக்கும் பக்கமாக நிழலில் மாட்டுங்கள். மாலையில் ஒரு முறை திருப்பிப் போடுங்கள். காய்ந்த 5 மி.மீ.-க்கும் ஈரமான 5 மி.மீ.-க்கும் உள்ள எடை வித்தியாசம், விமான நிலையத் தராசின் முன்னால் பெட்டியைத் திறந்து செருப்பையும் சார்ஜரையும் கைப்பைக்கு மாற்றிக்கொண்டிருக்கும்போது நன்றாகவே புரியும்.